பழைய கிணறுகளை மூடுவதா, திறப்பதா, விலகிப் போவதா? கார்பன் சேமிப்புக்கு முன் ஒரு ஒப்பீடு

ஆலைகளில் பிடித்த கார்பன் டை ஆக்ஸைடை நிலத்தடியில் நிரந்தரமாக அடைத்து வைக்க வேண்டும் என்றால், பெரும்பாலான திட்டக்காரர்கள் முதலில் தேடிப் போவது காலியான எண்ணெய், எரிவாயு வயல்களைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயுவைப் பிடித்து வைத்திருந்த பாறை அது. அதன் அமைப்பு அங்குலம் அங்குலமாகப் பதிவாகியிருக்கிறது. சில இடங்களில் குழாய்களும் கடல் மேடையும்கூடத் தயாராக நிற்கின்றன. ஆனால் அதே வயலில்தான் பத்தோ நூறோ ஆயிரமோ துளைகளும் இருக்கின்றன. வாயுவை மேலே ஏறவிடாமல் இயற்கை ஓட்டையில்லாமல் வைத்திருந்த மூடிப் பாறையை நாம்தான் குடைந்து வைத்திருக்கிறோம்.

ஆகவே வயலைச் சேமிப்பிடமாக மாற்றும் முன் ஒவ்வொரு பழைய கிணற்றுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இருப்பதை அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். மீண்டும் திறந்து புதிதாக அடைக்கலாம். அதையே வாயுவைச் செலுத்தவோ கண்காணிக்கவோ பயன்படுத்திக்கொள்ளலாம். அல்லது அந்தப் பக்கமே போகாமல் செலுத்தும் இடத்தைத் தள்ளி வைக்கலாம். திட்டக் கூட்டங்களில் இந்த நான்கும் செலவு வரிசையில்தான் பேசப்படும். என்னைக் கேட்டால் செலவுக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூடிப் பாறைக்கு நேராக, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நல்ல சிமென்ட் இருக்கிறது என்பதற்குக் கையில் என்ன சான்று? இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து, நான்கில் எது மலிவு என்பதே மாறிவிடும்.

வாயு எந்த வழியாக ஏறும்?

கார்பன் டை ஆக்ஸைடு 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டிவிட்டால், வாயுவைப் போலப் பரவி திரவத்தைப் போலக் கனக்கும் ஒரு நிலைக்குப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இந்த நிலை கிடைக்கிறது. அதனால்தான் சேமிப்பிடங்களை அதற்கும் ஆழத்தில் தேடுகிறார்கள். ஆனால் அங்கும் அது சுற்றியுள்ள உப்புநீரை விட லேசானதுதான். உப்புநீர் ஒரு கன மீட்டர் 1000 கிலோவுக்கு மேல் இருக்கும். இது 500 முதல் 700 கிலோ. ஆகவே வழி கிடைத்தால் மேலே ஏறத்தான் செய்யும்.

பழைய கிணற்றில் வழிகள் பல. கேசிங் குழாயின் (துளையின் சுவர் சரியாமல் இருக்க இறக்கி, வெளியே சிமென்ட் பூசும் எஃகுக் குழாய்) உள்ளே போட்ட அடைப்பு சரியில்லாமல் இருக்கலாம். குழாய்க்கும் சிமென்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருக்கலாம். சிமென்டுக்கும் பாறைக்கும் நடுவே, துளையிட்டபோது தங்கிய சேறு காய்ந்து பிளந்திருக்கலாம். குழாயே துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று சேர்ந்து அடியிலிருந்து மேல் வரை ஒரே பாதையாகத் தொடர்ந்தால்தான் ஆபத்து.

இங்கே பலருக்கும் வரும் முதல் பயம், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு அமிலமாகி சிமென்டைத் தின்றுவிடும் என்பது. வேதியியல்படி சரிதான், ஆனால் களத்தில் கிடைத்த சான்று அந்தப் பயத்தை வேறு பக்கம் திருப்புகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள சாக்ராக் எண்ணெய் வயலில் 1972 முதல் கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தி எண்ணெய் எடுத்து வருகிறார்கள். சுமார் 30 ஆண்டுகள் அந்த வாயுவோடு இருந்த ஒரு கிணற்றிலிருந்து சிமென்டைக் குடைந்து எடுத்துப் பார்த்தார்கள். சிமென்ட் கரைந்து போகவில்லை. கட்டமைப்பும் கசியவிடாத தன்மையும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பாறையை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை மட்டும் ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தது. அதாவது வாயு சிமென்டின் உடம்பு வழியே போகவில்லை, அதன் ஓரம் வழியே போயிருக்கிறது. கெட்டியான சிமென்ட் நிறைவாக இருந்தால் அமிலம் மெதுவாகத்தான் வேலை செய்யும். குழாய் எஃகுதான் அதைவிட வேகமாக அரிக்கப்படும். ஆகவே சோதிக்க வேண்டியது சிமென்டின் இரசாயனத்தை விட அது எங்கே இருக்கிறது, எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான்.

செலுத்திய வாயு பரவும் திரள் வந்து சேராத கிணறும் தப்பியது என்று சொல்ல முடியாது. செலுத்தும்போது ஏறும் அழுத்தம் திரளை விட வெகுதூரம் முன்னால் ஓடும். கிணறு கசிவுள்ளதாக இருந்தால் அந்த அழுத்தம் ஆழத்து உப்புநீரைக் குடிநீர் மட்டத்துக்குத் தள்ளிவிடும். வாயு வராமலே நல்ல தண்ணீர் கெட்டுப்போகலாம்.

கோப்பில் எழுதியிருப்பதும் குழியில் இருப்பதும்

எந்த மதிப்பீடும் கிணற்றின் கோப்பிலிருந்துதான் தொடங்கும். துளையிட்ட நாள், ஆழம், குழாயின் அளவு, எத்தனை மூட்டை சிமென்ட், எங்கெங்கே அடைப்பு. பழைய கோப்புகளில் ‘சிமென்டின் உச்சி’ என்று ஓர் ஆழம் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் அளந்த எண் இல்லை, கணக்குப் போட்ட எண். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இந்த வேலையின் சிக்கல் புரியும்.

எட்டரை அங்குலத் துளையில் ஏழு அங்குலக் குழாய், ஆழம் 1900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 0.0118 கன மீட்டர் இடம் இருக்கும். 10 கன மீட்டர் சிமென்ட் குழம்பை அனுப்பினால் அது அடியிலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம் ஏறும். உச்சி 1050 மீட்டரில் நிற்கும். மூடிப் பாறை 1300 முதல் 1500 மீட்டர் வரை என்றால் முழுதாக மறைந்துவிட்டது, கோப்பு சுத்தம். ஆனால் களிப்பாறையில் துளையிடும்போது சுவர் சரிந்து துளை அகலமாவது சகஜம். சராசரி அகலம் எட்டரைக்குப் பதில் பத்து அங்குலம் என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே 10 கன மீட்டர் இப்போது 390 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். உச்சி சுமார் 1513 மீட்டர். மூடிப் பாறையின் அடிவிளிம்புக்கும் கீழே. அந்தப் பாறைக்கு நேராக ஒரு கைப்பிடி சிமென்ட்கூட இல்லை. ஒன்றரை அங்குல வித்தியாசம்தான்.

இதனால்தான் ஒலி அலையால் சிமென்ட் ஒட்டியிருப்பதைச் சோதிக்கும் பதிவு (லாக்) இருக்கிறதா என்பதும், துளையின் அகலத்தை அளந்த காலிப்பர் பதிவு இருக்கிறதா என்பதும் கிணற்றின் வயதை விட முக்கியம். 1950-களில் துளையிட்டு இந்த இரண்டும் பத்திரமாக உள்ள கிணறு, 1980-களில் துளையிட்டு வெறும் மூட்டைக் கணக்கோடு நிற்கும் கிணற்றை விட எனக்கு நம்பகமானது. வயது ஒரு தடயம்தான். பழைய காலத்தில் சிமென்டின் தரத்துக்குப் பொது அளவுகோல் இல்லை, அடைப்பு விதிகளும் தளர்வு. பென்சில்வேனியாவின் மிகப் பழைய கிணறுகளில் மரக்கட்டையை இறக்கி ‘அடைத்த’ கதையெல்லாம் உண்டு.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கிணறுகளின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் இதே பக்கம்தான் சுட்டியது. சுமார் 4.6% கிணறுகளில் கசிவு பதிவாகியிருந்தது. குழாய்க்கு வெளியே சிமென்ட் எட்டாத நீளம் அதிகமாக இருந்த கிணறுகளே அதிகம் மாட்டின. ஒன்றும் கிடைக்காமல் கேசிங் இறக்காமலே சிமென்டால் அடைத்துவிட்ட கிணறுகள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. குழாயே இல்லையென்றால் குழாயோரக் கசிவும் இல்லை.

அப்படியே விட்டுக் கண்காணிப்பது

மலிவான வழி, அதனால் திட்ட அறிக்கைகளில் அதிகம் காணப்படும் வழியும்கூட. சான்று வலுவாக இருந்தால் இது சோம்பேறித்தனமில்லை, சரியான முடிவு. நன்றாக அடைத்த கிணற்றைத் தோண்டித் துழாவுவது, ஆறிய புண்ணைக் கீறுவது போலத்தான்.

சான்று இல்லாத கிணற்றுக்கு இதைப் பரிந்துரைக்கும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. கண்காணிப்பு கசிவைச் சொல்லும், தடுக்காது. அல்ஜீரியாவின் இன் சாலா திட்டத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். 2004 முதல் 2011 வரை அங்கே சுமார் 38 லட்சம் டன் செலுத்தினார்கள். 2007-ல், செலுத்தும் கிணறு ஒன்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த கேபி-5 என்ற பழைய ஆய்வுக் கிணற்றின் தலையில் கார்பன் டை ஆக்ஸைடு கசிவது தெரிந்தது. செலுத்திய வாயுவில் முன்பே ஒரு சுவடுப் பொருளைக் கலந்திருந்ததால், அது எந்தக் கிணற்றிலிருந்து வந்த வாயு என்று சந்தேகத்துக்கிடமில்லாமல் அடையாளம் காண முடிந்தது. கசிவு சிறியது. பிறகு அந்தக் கிணற்றை முறைப்படி அடைத்தார்கள். பாறையின் விரிசல்கள் வழியே வாயு எதிர்பார்த்ததை விட வேகமாக அந்தத் திசையில் ஓடியிருந்தது. கணினி மாதிரி சொன்ன வரைபடத்தை மட்டும் நம்பி ‘இந்தக் கிணற்றுக்கு வாயு இப்போதைக்கு வராது’ என்று ஒதுக்குவதன் விலை இதுதான்.

இதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. கேபி-5 தரைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. ஆளனுப்பிப் பார்க்க முடிந்தது, அடைக்கவும் முடிந்தது. தரைக்கு இரண்டு மீட்டர் கீழே வெட்டிப் புதைத்த கிணற்றிலோ கடலடியில் அறுத்துவிட்ட கிணற்றிலோ இது இத்தனை சுலபமில்லை.

திறந்து புதிதாக அடைப்பது

சந்தேகம் இருக்கிறதா, திறந்து அடைத்துவிடுங்கள் என்று மேசையில் உட்கார்ந்து சொல்வது எளிது. களத்தில் வேலை இப்படிப் போகும். முதலில் கிணற்றைத் தோண்டி எடுக்க வேண்டும். மேலே பற்றவைத்த இரும்பு மூடியை அறுக்கும்போது கீழே வாயு தேங்கியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு அறுக்க வேண்டும். அறுந்த குழாய்க்குப் புதுத் தலை பொருத்தி, அதன் மேல் வெடிப்புத் தடுப்பு வால்வு, அதற்கும் மேல் ரிக் எனும் துளையிடும் கோபுரம். பிறகு பழைய சிமென்ட் அடைப்புகளை ஒவ்வொன்றாகக் குடைந்து இறங்க வேண்டும். குடையும் முனை பழைய குழாயை விட்டு விலகிப் பக்கத்துப் பாறைக்குள் போய்விட்டால், இருந்த ஒரு பிரச்சினையோடு புதுத் துளை ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பாதியில் அறுந்து கிடக்கும் பழைய கருவி வழிமறித்தால் அதை மீட்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

மூடிப் பாறையின் ஆழத்தை அடைந்த பிறகுதான் அசல் வேலை. லாக் இறக்கிப் பார்க்க வேண்டும். குழாய்க்கு வெளியே சிமென்ட் மோசம் என்று தெரிந்தால் இரண்டு வழி. குழாயில் துளைகள் போட்டு வெளியே சிமென்டை அழுத்தி ஏற்றலாம்; இது மலிவு, ஆனால் சேறு காய்ந்து கிடக்கும் ஓரங்களில் சிமென்ட் போய்ச் சேர்ந்ததா என்பது மறுபடியும் நம்பிக்கை சார்ந்தது. அல்லது அந்த நீளத்துக்குக் குழாயையே சீவி எடுத்துவிட்டு, ஒரு பக்கப் பாறையிலிருந்து மறு பக்கப் பாறை வரை முழு அகலத்துக்கும் சிமென்ட் அடைப்பு போடலாம். செலவும் நாளும் அதிகம். ஆனால் குழாயோரம் என்ற பாதையே அந்த இடத்தில் இல்லாமல் போய்விடும். கார்பன் சேமிப்புக்காகத் திறக்கிறோம் என்றால் இரண்டாவதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பாதி வேலைக்காக ரிக்கைக் கொண்டு வந்து நிறுத்துவதில் அர்த்தமில்லை.

எல்லாக் கிணற்றையும் முதல் நாளே அடைக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வழியின் ஆறுதல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-ல் கார்பன் சேமிப்புக் கிணறுகளுக்குக் கொண்டுவந்த ஆறாம் வகுப்பு விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. வாயுவும் அழுத்தமும் எட்டக்கூடிய பரப்பு முழுவதையும் வரையறுத்து, அதற்குள் உள்ள குறையுள்ள கிணறுகளைச் சரிசெய்தாக வேண்டும். ஆனால் அனுமதி கிடைத்தால் கட்டம் கட்டமாகச் செய்யலாம். அந்தப் பரப்பை அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட வேண்டும். இருபது ஆண்டுக்குப் பிறகே வாயு எட்டப்போகும் கிணற்றுக்கு இன்றே பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் இன் சாலாவை நினைவில் வைத்து, அந்த இருபதைப் பத்தாக எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

பழைய கிணற்றையே பயன்படுத்திக்கொள்வது

கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியான யோசனை. துளை ஏற்கெனவே இருக்கிறது, சரியான பாறைக்குத்தான் போகிறது, புதுக் கிணற்றின் செலவு மிச்சம், மூடிப் பாறையில் இன்னொரு ஓட்டையும் வேண்டாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய போர்த்தோஸ் திட்டம் இந்தப் பாதையில்தான் போகிறது: கடலடிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே உள்ள காலியான எரிவாயு வயல்கள், இருக்கும் கடல் மேடை, திருத்தியமைத்த பழைய கிணறுகள், மொத்தம் 3.7 கோடி டன் சேமிக்கத் திட்டம். அங்கே கிணறுகள் குறைவு, பதிவுகள் நல்ல நிலையில், இயக்கியவர்களும் அருகிலேயே. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

பொதுவாகப் பார்த்தால் மூன்று தொல்லைகள். முதலாவது குளிர். காலியான வயலில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். அடர்த்தியான கார்பன் டை ஆக்ஸைடு அங்கே பாய்ந்து விரியும்போது கடுமையாகக் குளிரும். குழாய் சுருங்கும், சிமென்ட் சுருங்கும், இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. செலுத்துவதும் நிறுத்துவதுமாக இது திரும்பத் திரும்ப நடந்தால், வாயு எடுத்த காலத்தில் இல்லாத இடைவெளி புதிதாக உண்டாகலாம். இரண்டாவது எஃகு. ஈரத்தோடு சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சாதாரண கார்பன் எஃகு தாங்காது. உட்குழாயை மாற்றிவிடலாம், ஆனால் சிமென்டுக்குள் புதைந்த கேசிங்கை மாற்ற முடியாது. மூன்றாவது, வெளியிலிருந்து வரும் துரு. கலிபோர்னியாவின் அலிசோ கேன்யனில் 2015-ல் வெடித்த கிணறு 1953-ல் எண்ணெய்க்காகத் துளையிட்டது. 1970-களில் எரிவாயுச் சேமிப்புக்கு மாற்றினார்கள். வெளிப்பக்கம் நிலத்தடி நீர் பட்டு அரித்த கேசிங் அழுத்தம் தாங்காமல் கிழிந்தது. அடைக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது. அதற்குள் சுமார் ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறிவிட்டது. அங்கே இருந்தது கார்பன் டை ஆக்ஸைடு இல்லைதான், ஆனால் ஒரு வேலைக்காகக் கட்டிய கிணற்றை இன்னொரு வேலைக்கு இழுத்த கதை இதுவேதான்.

‘செலுத்த வேண்டாம், கண்காணிப்புக் கிணறாக மட்டும் வைத்துக்கொள்வோம்’ என்ற சமரசமும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. பாதிப்பில்லாத யோசனை போலத் தோன்றும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் டீகேட்டரில், இந்த வேலைக்கென்றே துளையிட்ட கண்காணிப்புக் கிணறு ஒன்றில் அரிப்பு ஏற்பட்டு, அனுமதி இல்லாத பாறை மட்டத்துக்குத் திரவம் ஏறியது 2024-ல் வெளியே தெரிந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் அறிவிப்பு அனுப்பியது. புதிதாக, இதற்காகவே கட்டிய கிணற்றுக்கே இந்த நிலை என்றால் நாற்பது ஆண்டு பழைய கிணற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சேமிப்புப் பாறை வரை இறங்கும் ஒவ்வொரு கண்காணிப்புக் கிணறும் ஒரு கசிவு வாய்ப்புதான். பழைய கிணற்றைக் கண்காணிப்புக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், மூடிப் பாறைக்குக் கீழே உள்ள பகுதியை அடைத்துவிட்டு அதற்கு மேலுள்ள மட்டத்தைக் கவனிக்கப் பயன்படுத்தலாம். கசிந்தால் முதலில் தெரியப்போவதும் அங்கேதான்.

செலவுக் கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. மறுபயன்பாட்டுக் கிணற்றை என்றாவது ஒருநாள் அடைத்தே ஆக வேண்டும். ஆகவே இது இரண்டாம் வழிக்கு மாற்று அல்ல. இரண்டாம் வழியைத் தள்ளிப்போடுவது. அந்தச் செலவைச் சேர்த்தால் புதுக் கிணற்றோடு உள்ள வித்தியாசம் பல இடங்களில் சுருங்கிவிடும்.

விலகிப் போவது

நார்வேயின் ஸ்லைப்னர் கார்பன் சேமிப்புத் திட்டம் 1996 முதல் இயங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டன் என்ற அளவில், எண்ணெய் வயல் அல்லாத, உப்புநீர் ஊறிய கடலடிப் பாறையில் செலுத்தினார்கள். அதே நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் கடலடிக்கு சுமார் 2600 மீட்டர் கீழே, இதற்கெனவே துளையிட்ட கிணறு வழியாகச் செலுத்துகிறது. இந்த வகை இடங்களில் பழைய கிணறுகள் மிகச் சொற்பம். கிணற்றுத் தலைவலி ஏறத்தாழ இல்லை.

பதிலுக்கு வேறு தலைவலி. கிணறு குறைவு என்றால் தகவலும் குறைவு. எண்ணெய் வயலின் மூடிப் பாறை வாயுவைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறது; உப்புநீர்ப் பாறையின் மூடி அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. அழுத்தமும் இங்கே எதிர்மாறு. காலியான வயலில் அழுத்தம் இயல்பை விடக் குறைவு என்பதால், அது நிரம்பும் வரை கசிவுள்ள கிணறுகூட வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். உப்புநீர்ப் பாறையில் முதல் டன்னிலிருந்தே அழுத்தம் இயல்பை விட மேலே ஏறும். ஆகவே காலியான வயலில், இறுதி அழுத்தத்தை அந்த ஆழத்து நீரழுத்தத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டால் பழைய கிணறுகளின் ஆபத்து வெகுவாகக் குறையும். சேமிக்கும் அளவும் குறையும் என்பதால் திட்டக்காரர்களுக்கு இது பிடிக்காது. நான் இதைத்தான் முதலில் பேசச் சொல்வேன்.

விலகிப் போவதற்கு ஒரே ஒரு கட்டாயச் சூழல் உண்டு: கோப்பிலேயே இல்லாத கிணறுகள். நூறாண்டுக்கு மேல் துளையிட்டு வந்த பகுதிகளில் இவை இருக்கும். கேசிங் இருந்தால் விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ காந்தப்புலத்தை அளந்து கண்டுபிடிக்கலாம். இரும்புக்காகக் குழாயை உருவி எடுத்துவிட்ட கிணறு காந்தமானிக்குத் தெரியாது. இப்படிப்பட்டவை ஒன்றிரண்டு சேமிப்புப் பாறை வரை இறங்கியிருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் இருந்தாலே அந்த இடத்தைக் கைவிடலாம். நல்லவேளையாக மிகப் பழைய கிணறுகள் பெரும்பாலும் ஆழமற்றவை. 2000 மீட்டரில் சேமிப்பவருக்கு 300 மீட்டர்க் கிணறு மூடிப் பாறையைத் தொடுவதே இல்லை. ஆழத்தை வைத்து வடிகட்டிய உடனே பட்டியல் பாதிக்குமேல் சுருங்கிவிடும் வயல்கள் உண்டு.

எந்தக் கிணற்றுக்கு எது?

மூடிப் பாறையைத் துளைக்காத கிணற்றை விட்டுவிடலாம். துளைத்தது, ஆனால் லாக்கும் அடைப்புப் பதிவும் நல்ல சிமென்டைக் காட்டுகின்றன என்றால், அதைத் தொடாமல் மேல் மட்டத்தில் கவனிப்பதே மேல். சான்றில்லாமல், ஆனால் நிலத்தில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் கிணற்றை வாயு எட்டும் முன் திறந்து, குழாயைச் சீவி, பாறை முதல் பாறை வரை அடைக்க வேண்டும். சான்றுமில்லை, கடலடியில் அறுத்தும் விட்டார்கள் என்றால், அங்கே திறக்கப் போராடுவதை விடச் செலுத்தும் கிணற்றை, பாறைச் சரிவில் வாயு அந்தக் கிணற்றை நோக்கி ஏறாத பக்கம் நகர்த்துவதும் அழுத்த வரம்பைக் குறைப்பதும்தான் மலிவு. மறுபயன்பாட்டுக்கு நான் ஒத்துக்கொள்வது, கேசிங்கின் தடிமனை அளந்து, சிமென்டை லாக் செய்து, குளிர்வுச் சுழற்சிகளைக் கணக்கிட்டுக் காட்டிய கிணற்றுக்கு மட்டும்.

பொறுப்பு யாருடையது என்பதும் முடிவை மாற்றும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதிப்படி, சேமிப்பிடத்தை மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கழித்தே பொறுப்பு அரசுக்குப் போகும். அமெரிக்க விதியில், மாற்றுக் காலம் ஒப்புக்கொள்ளப்படாவிட்டால், செலுத்தி முடித்த பின் கவனிப்பு 50 ஆண்டுகள். இந்தக் காலம் முழுவதும் ரிக்கை வரவழைக்கப் பணம் ஒதுக்கி வைத்திருக்கும் திட்டத்தில் ‘விட்டுக் கண்காணிப்பது’ ஒரு வழி. அந்த ஒதுக்கீடு இல்லாத திட்டத்தில் அந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.